தீவில் போன பொடி டின்

பீளமேடு,
கோயமுத்தூர்.
ஆனி 22, ஞாயிறு, 1997.

சிரஞ்சீவி வம்சிக்கு அம்மா வெங்கடலட்சுமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். பிள்ளையின் சுகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு சுகம் இருக்க முடியுமோ அவ்வளவு இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது என்று பயந்துவிடாதே. போலீஸ் மூலமாக வரவில்லை. ரோட்ஸ் தீவுக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற ஸ்டாமதியா என்ற பெண்ணுக்கு, உன் சிநேகிதன் அப்துல் மஜீத் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, அதற்குள் இதை வைத்திருக்கிறான். லிண்டோஸ் போகிற சாலையில், கடலைப் பார்த்தபடி நீலக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை இருக்கிறதல்லவா, அதன் சமையற்கட்டில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவள் நல்ல பெண். கொடுப்பாள்.

ஆமாம், சித்திரைக் கடைசியில் அம்மா உன் தீவுக்கு வந்திருந்தேன். அது உனக்கு அன்றைக்கே தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் எனக்குப் போன வாரம் வரை தெரியாது.

ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். நீ போத்தனூரில் ரயில் ஏறிய நாளிலிருந்து உன் அப்பா உன் பேச்சை எடுப்பதில்லை. மோட்டார் கம்பெனியை விட்டுவிட்டுக் கப்பலில் பாத்திரம் கழுவப் போனவன் என்று யாராவது சொன்னால் மட்டும் ‘அவன் சமையல் படிச்சவன், கழுவப் போகல’ என்று முறைப்பார். அவ்வளவுதான் அவருடைய பாசம். நீயும் காங்கேயத்துப் பிரவின்குமாரும் அந்தத் தீவில் கப்பலைவிட்டுச் சொல்லாமல் இறங்கிவிட்டீர்கள் என்று தந்தி வந்தபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு நீ மஜீத் கடைக்குப் போன் செய்து, கப்பலில் அடித்தார்கள், இங்கே ஓட்டலில் வேலை தேடப்போகிறோம், வீட்டில் சொல்லாதே என்றாய். அவன் அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்து வந்து என்னிடம் சொல்லிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

இந்தத் தை மாதம் கொச்சியிலிருந்து கப்பல் ஏஜெண்டின் ஆள் வந்தான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். இறங்கிப்போன இரண்டு பையன்களில் ஒருவன் கடலில் மூழ்கி இறந்துபோனானாம். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கையில் ஒரு காகிதமும் இல்லாததால் பெயர் தெரியாமலே அங்கே புதைத்துவிட்டார்களாம். கூட இருந்தவன் போலீசுக்குப் பயந்து அடையாளம் சொல்லக்கூட வரவில்லை, எங்கோ ஓட்டலில் ஒளிந்து வேலை செய்கிறான் என்று கேள்வியாம். இறந்தது எங்கள் பையனா, மற்றவனா என்று கேட்டேன். அது மட்டும் தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எதற்கு என் வீட்டுப் படியேறினாய் என்று கேட்டுவிட்டேன். உன் அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார்.

அதே ஆள் காங்கேயத்துக்கும் போய் இதையே சொல்லியிருக்கிறான். மறுநாள் விடிந்ததும் பிரவினின் அம்மா பூவாத்தாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் வேலை. வேலைச் சேலையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். உன் அப்பா அவளை உள்ளே கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏஜெண்ட் கொடுத்த காகிதம், கலெக்டர் ஆபீஸ் பதில், எது வந்தாலும் என்னிடம்தான் எடுத்து வருவாள், நான் படித்துச் சொல்லுவேன். அன்றைக்கு அவளிடம் காகிதம் இல்லை. ‘உங்க பையனா இருக்கக்கூடாதுங்கம்மா. எம்பட பையனாவும் இருக்கக்கூடாதுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

மாசியில் உன் அப்பா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். ‘எள்ளுந் தண்ணியுமாவது போய்ச் சேரட்டும். ஆடி அமாவாசைக்குப் பேரூர்ல காரியத்த முடிச்சுப்போடலாம்’ என்றார். வம்சி, நான் வாழ்நாளில் அவரை எதிர்த்துக் கத்தியதில்லை. அன்று கத்தினேன். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு எள் இறைக்க விடமாட்டேன் என்றேன். உயிரோடு இருக்கிறான் என்று காட்டு, விட்டுவிடுகிறேன் என்றார். அதனால்தான் வந்தேன்.

வருவதற்கு நான் செய்த தந்திரத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். நம் சீனிவாசலு வருஷா வருஷம் கம்பெனிக் குடும்பங்களைச் சேர்த்து வெளிநாடு அழைத்துப் போவாரே, இந்த முறை இத்தாலியும் ஏதென்சும் என்று போட்டிருந்தார். அங்கே ரோட்ஸ் என்று ஒரு தீவு உண்டு, அதில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க வண்ணத்துப்பூச்சிதான் என்று பெண்கள் காதில் ஓதினேன். உன் ரங்கம்மாள் அத்தை அதற்காகவே கிளம்பிவிட்டாள். சீனிவாசலு தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தீவுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினார். தீவின் சிறப்புகள் அத்தனையும் ஒரே பகலில், என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு பகலில் நான் உன்னைத் தேட வேண்டும். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது.

எப்போதும்போல் சமையல் திருமூர்த்தியும் அடுப்பும் அரிசியும் எங்களோடு வந்தன. நம் ஆட்கள் வெளிநாட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் யோசிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். எல்லார் வீட்டிலிருந்தும் ஊறுகாய், வடகம் என்று ஆளுக்கொன்று கொடுத்தோம். நான் கொள்ளும் துவரையும் பூண்டும் வறுத்த பொடியை இரண்டு டின் கொடுத்தேன். நீ கப்பலுக்கு எடுத்துப் போனாயே, அதே பொடி.

காலையில் ஸ்டாமதியா மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள், நாங்கள் பின்னே. துறைமுகத்தின் வாயில் இரண்டு தூண்களில் இரண்டு மான்கள் நிற்கின்றன. முன்னொரு காலத்தில் ஆகாசத்தைத் தொடுகிற மாதிரி ஒரு வெண்கலச் சிலை அங்கே நின்றதாம், பூகம்பத்தில் விழுந்துவிட்டதாம். எல்லாரும் இல்லாத சிலையை அண்ணாந்து பார்த்தார்கள். நான் படகுகளில் மீன் கூடை தூக்குகிறவர்களைப் பார்த்தேன். கறுத்த முதுகு தெரிந்தால் போதும், கிட்டே போய் நிற்பேன். திரும்பினால் வேறு முகமாக இருக்கும்.

பழைய ஊருக்குள் கூட்டிப்போனார்கள். தெரு முழுக்கக் கூழாங்கல் பதித்திருக்கிறது, என் முழங்கால் போய்விட்டது. குதிரை வீரர்கள் தங்கிய மாளிகைகள் என்று அவள் ஒவ்வொரு கதவாகக் காட்ட, நான் ஒவ்வொரு சந்திலும் புகுந்து ஓட்டல்களின் பின்கதவில் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிழவி என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்து ரொட்டி நீட்டினாள். பட்டுச்சேலை கட்டிய பிச்சைக்காரி. வாங்கிக்கொண்டேன், என்ன செய்வது. அவளிடம் உன் போட்டோவைக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தாள், அவ்வளவுதான். அதற்குள் என்னைக் காணவில்லை என்று மஞ்சள் குடை தேடி வந்துவிட்டது.

அப்புறம்தான் ஸ்டாமதியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என் இங்கிலீஷும் அவள் இங்கிலீஷும் சேர்ந்து எப்படியோ புரிந்துகொண்டன. பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டும்போது, பெயர் தெரியாதவர்களை வைக்கிற இடம் அந்தச் சுவருக்குப் பின்னால் என்று ஜன்னல் வழியாகக் காட்டினாள். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டேன். பார்த்துவிட்டால் ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும்.

வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கில் ஒரு பூச்சி இல்லை. ஆனி பிறந்தால்தான் வருமாம். நல்ல நிழல், சின்ன ஓடை, நம் சிறுவாணி மலை மாதிரி. அத்தை மட்டும் வெறும் மரங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்கா என்னை இழுத்து வந்தாய் அண்ணி என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் அந்த நீலக் கதவுக் கடைக்கு முன்னால் பஸ் நின்றது. கட்டிய பணத்தில் அந்தக் கடைச் சாப்பாடும் சேர்த்திதான். ஆனால் மீன் பொரித்த எண்ணெயில்தான் எல்லாம் செய்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சீனிவாசலு கைகூப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரோட்டோர மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்து, திருமூர்த்தி காலையில் கட்டிவைத்த சோற்றை எடுத்தான். கடைக்காரர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மட்டும் எழுந்து கடைக்குள் போய்ப் பார்த்தேன். பரிமாறுகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். சமையற்கட்டுக்குள் போகலாம் என்று திரும்பினேன். உள்ளே போய் எதையாவது தின்றுவிடுவேன் என்று சீனிவாசலு வீட்டம்மா வந்து கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். இன்றைக்கும் அந்தக் கை எனக்கு எரிகிறது.

அங்கிருந்து லிண்டோஸ். வெள்ளை வெள்ளையாக வீடுகள், உச்சியில் கோட்டையும் உடைந்த கோயிலும். முடியாதவர்களைக் கழுதையில் ஏற்றுகிறார்கள். நான் நடந்தே ஏறினேன். பழனி ஏறுவது போல் உன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் ஏறினேன். மேலே எல்லாரும் தூண்களைக் கட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் சுவரோரம் போய் வம்சி, வம்சி என்று கத்தினேன். கீழே அவ்வளவு கடல். எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்றே தெரியவில்லை. இறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஏதென்சில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பொடி டின் ஒன்றைக் காணோம். நான் இருந்த எரிச்சலில் திருமூர்த்தியைப் பிடித்துக்கொண்டேன், எந்த வெள்ளைக்காரிக்கு விற்றாய் என்று. ஊர் வரும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். உன் அப்பா அமாவாசைக்குப் புரோகிதருக்குச் சொல்லி அனுப்பினார்.

போன வாரம் சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்திக்குச் சமையல் திருமூர்த்தி. எல்லார் முன்னாலும், என் பொடி டின் எந்தக் கல்யாணத்தில் இருக்கிறது என்று அவனைச் சீண்டினேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓரமாக வரச் சொன்னான். ‘நான் திருட்டுக் கை இல்லீங்க அம்மணி. அது அந்தத் தீவுலயே போயிருச்சுங்க. நம்ம ஊருப் பையன் ஒருத்தன் கேட்டானுங்க, குடுத்துப்போட்டேன்’ என்றான். ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து முழுக்கச் சொன்னான்.

அந்த நீலக் கதவுக் கடையின் பின்பக்கம் அவன் சுடுதண்ணீர் கேட்கப் போயிருக்கிறான். தலையில் துணி கட்டித் தாடி வைத்த ஒரு பையன் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தானாம். இவன் கையால் ஜாடை காட்ட, அந்தப் பையன் ‘இத்தனை தண்ணி போதுங்களாண்ணா’ என்றானாம். எந்த ஊர் என்றால், கோயமுத்தூர்ப் பக்கம் என்றானாம். திருமூர்த்தி மனசு கேட்காமல் ஒரு தட்டில் சோறும் பொடியும் போட்டுக் கொடுத்திருக்கிறான். தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டானாம், அதையும் ஊற்றிக் கொடுத்தானாம். ஒரு வாய் வைத்ததும் மெல்லாமல் அப்படியே நின்றுவிட்டு, யார் வறுத்த பொடி என்று கேட்டானாம். பீளமேட்டு வெங்கடபதி நாயுடு வீட்டம்மா, அதோ மரத்தடியில் நிற்கிறார்கள் என்று இவன் காட்டியிருக்கிறான். அந்தப் பையன் சுவரோரமாக வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றானாம். ‘அம்மா நல்லா இருக்காங்களா’ என்று கேட்டானாம். கூப்பிடட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றானாம். பஸ் கிளம்பும்போது அந்த டின்னை இரண்டு கையாலும் கேட்டு வாங்கிக்கொண்டு, ‘நான் இங்க இருக்கறத யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கண்ணா, புடிச்சுப்போடுவாங்க’ என்று கும்பிட்டானாம். திருமூர்த்தி வாக்குக் கொடுத்ததால் என் வசவை எல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறான். உன்னை அவன் முன்பு பார்த்ததில்லை, நான் யாரைத் தேடினேன் என்றும் அவனுக்குத் தெரியாது, லிண்டோஸில் அவன் மலையேறாமல் பஸ்ஸிலேயே இருந்துவிட்டான்.

உன் போட்டோவைக் காட்டினேன். தாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இருக்கலாம் என்றான். உறுதியாகச் சொல்லு என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். தெரியாமல் சொல்லக்கூடாதுங்க என்று அவனும் அழுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். தேங்காயெண்ணெய் என்ற இடம் வரைக்கும் கேட்டார். அப்புறம் எழுந்து குளிக்கப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும். நம் வீட்டில் நல்லெண்ணெய்தான், தலைக்குத் தேய்க்கிறதைச் சோற்றில் ஊற்றுவார்களா என்று நீயே கேலி செய்வாய், அதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. காங்கேயத்தில்தான் எதற்கும் தேங்காயெண்ணெய். ஆனால் நீ பிரவினோடு ஒரே அறையில் இருந்தவன். என் பொடியை அவன் அள்ளி அள்ளித் தின்கிறான் என்று கப்பலிலிருந்து எழுதியிருந்தாய். அவன் என் பொடியைப் பழகிக்கொண்டால் நீ அவன் எண்ணெயைப் பழகிக்கொண்டிருக்க மாட்டாயா. மூன்று வருஷத்தில் ஒரு நாக்கு மாறாதா. அம்மா என்று கேட்டிருக்கிறான். என்னை எல்லாரும்தான் அம்மா என்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். வம்சி, எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூவாத்தாள் வந்திருந்தாள். தீவுக்குப் போனீர்களே, ஏதாவது தெரிந்ததா என்று இரண்டாவது முறையாகக் கேட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் என் பிள்ளையை அவளிடம் தூக்கிக் கொடுத்தது போல் ஆகிவிடும். இந்த முறை கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சாப்பாடு போட்டேன். சோற்றில் பொடி போட்டதும், தேங்காயெண்ணெய் இருந்தால் கொஞ்சம் ஊற்றுங்கம்மா என்றாள். நான் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சரி, கேள். உனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த டின்னை எனக்குத் திருப்பி அனுப்பு. கடிதம் வேண்டாம், முகவரி வேண்டாம், ஊருக்கு வா என்றும் நான் கேட்கவில்லை. ஸ்டாமதியாவிடம் கொடுத்தால் அவள் அனுப்பிவிடுவாள். காலி டின் போதும், கழுவக்கூட வேண்டாம். அதைக் கொண்டுபோய் உன் அப்பா முன்னால் வைத்தால் போதும் எனக்கு. அமாவாசைக்குள் வந்து சேருமோ என்னமோ, அதுவரைக்கும் அவரைப் பேரூர் போகவிட மாட்டேன். வாசலில் குறுக்கே படுத்தாவது நிறுத்திவைப்பேன்.

இனி எழுதுவது, இதைப் படிப்பது வம்சியாக இல்லாவிட்டால் அவனுக்கு.

கண்ணு பிரவின்குமார், நீ எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டாம், எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டாம். டின்னை அனுப்பாதே, நீயே வைத்துக்கொள். வராவிட்டால் நான் தெரிந்துகொள்கிறேன். அன்றைக்கு என் முன்னால் வரமுடியாமல் சுவருக்குப் பின்னால் நின்றது நீதான் என்றால், அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் அம்மாவுக்கு மட்டும் நாலு வரி போடு, கண்ணு. அவள் கேட்டுக்கு வெளியே நின்று நின்று காய்ந்துபோய்விட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, உன் கடிதத்தை என்னிடம்தான் எடுத்து வருவாள். நான் படித்துக் காட்டுகிறேன். ஒரு எழுத்து விடாமல், குரல் தடுமாறாமல் படிப்பேன்.

பொடி தீர்ந்துவிட்டால் அதையும் அதிலேயே எழுது. வறுத்து அனுப்புகிறேன்.

இரண்டு பேரில் யாராக இருந்தாலும் சரி, வேளைக்குச் சாப்பிடு. கடலில் இறங்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா.